தூரமா, கட்டுப்பாடா?

கோல்ஃப் பயிற்சித் திடல்களில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். இளம் ஆட்டக்காரர்கள் பலர், மிக நீளமான மட்டையாகிய டிரைவரை எடுத்து, இயன்றவரை ஓங்கி அடிக்கின்றனர். பந்து எவ்வளவு தூரம் சென்றது என்பதே அவர்களது பேச்சாக இருக்கிறது. அது எவ்வளவு உயரம் பறந்தது, எப்பக்கம் வளைந்தது, விழுந்தபின் எவ்வளவு உருண்டது என்பவற்றைக் கவனிப்போர் சிலரே. ஆனால், ஆட்டக்காரரின் உண்மையான திறமை, பந்து பறக்கும் வழியைக் கட்டுப்படுத்துவதில்தான் இருக்கிறது.

இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. மட்டை பந்தைத் தாக்கும்போது, பந்து பின்னோக்கிச் சுழன்றபடி முன்னே செல்கிறது. இச்சுழற்சியே பந்தை மேலே தூக்குகிறது. பந்தின் மேற்பரப்பிலுள்ள சிறு குழிகள் காற்றின் தடையைக் குறைக்கின்றன. அடிக்கும் கணத்தில் மட்டையின் முகம் எத்திசையை நோக்கியிருக்கிறது, மட்டை எவ்வழியாக வீசப்படுகிறது என்பவற்றைப் பொறுத்துப் பந்து இடமாகவோ வலமாகவோ வளையும். ஆகவே, பந்தின் பயணம் ஆட்டக்காரரின் கையில்தான் தொடங்குகிறது.

எதிர்க்காற்று வீசும்போது இதன் பயன் நன்கு விளங்கும். அப்போது இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஓங்கி அடித்தால் சுழற்சி மிகும். பந்து மேலெழும்பிக் காற்றில் சிக்கி, இலக்கை எட்டாமல் விழும். அனுபவசாலியோ சற்று நீளமான மட்டையை எடுத்து, அளவாக வீசி, பந்தைத் தாழ்வாகச் செலுத்துவார். பதறாத காரியம் சிதறாது என்பதை அவர் அறிவார்.

2006ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஹோய்லேக் நகரிலுள்ள ராயல் லிவர்பூல் திடலில் நடந்த பொதுவிருதுப் போட்டி இதற்குச் சிறந்த சான்று. அவ்வாண்டுக் கோடையில் திடல் காய்ந்து இறுகியிருந்தது. விழுந்த பந்து நெடுந்தூரம் உருண்டு, ஆழமான மணற்குழிகளில் சிக்கும் அபாயம் இருந்தது. அக்காலத்தில் மிகத் தொலைவாக அடிக்கக்கூடியவர்களுள் ஒருவரான டைகர் வுட்ஸ், நான்கு நாள்களில் ஒரே ஒரு முறைதான் டிரைவரைப் பயன்படுத்தினார். மற்ற நேரங்களில் இரும்பு மட்டைகளையும் குறைந்த தூர மட்டைகளையும் கொண்டு, மணற்குழிகளுக்கு இடந்தராமல் பந்தைச் செலுத்தினார். இறுதியில், இரண்டு அடிகள் வேறுபாட்டில் வெற்றியும் பெற்றார். தம்மிடமிருந்த வலிமையை அடக்கி ஆண்டதே அவரது வெற்றிக்கு வழிவகுத்தது.

2012ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் பபா வாட்சனுக்கு வேறுவிதமான சோதனை வந்தது. வெற்றியாளரை முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டத்தில் அவரது பந்து மரங்களுக்கிடையே போய் விழுந்தது. இலக்கிற்கு நேர்வழி இல்லை. அவர் பந்தைப் பெரிதும் வளைத்து அடித்து, கொடி இருந்த பசும்புல் தரையில் சேர்த்தார், பட்டத்தையும் வென்றார். வலிமையை மட்டும் நம்பியிருந்தால் அந்த மரங்களைத் தாண்டியிருக்க முடியாது.

தொலைவாக அடிப்பவருக்கே வாய்ப்பு அதிகம் என்று சிலர் வாதிடுவர். அதில் உண்மை உண்டு. முதல் அடி தொலைவாகச் சென்றால் அடுத்த அடி எளிதாகும். எனினும், அத்தொலைவு சரியான திசையில் இருந்தால்தான் பயன் தரும். புதருக்குள்ளோ குளத்திலோ விழும் பந்து எவ்வளவு தூரம் பறந்திருந்தாலும் வீணே.

எனவே, பயிற்சி செய்யும் மாணவர்கள் தூரத்தை மட்டும் அளந்து மகிழ்வது போதாது. ஒரே மட்டையால் பந்தைத் தாழ்வாகவும் உயரமாகவும் அடித்துப் பழகலாம். இடப்புறமும் வலப்புறமும் வளைத்துப் பார்க்கலாம். இத்தகைய பயிற்சி உடனே கைதட்டலைப் பெற்றுத் தராது. ஆனால், காற்று வீசும் நாளில், மரம் வழிமறிக்கும் வேளையில், அதுவே கைகொடுக்கும். வலிமை பந்தை நகர்த்தும். கட்டுப்பாடே அதை இலக்கில் சேர்க்கும்.