சாட்சியின் பெயர் நம் கணினியில் இருக்கிறது

2017 மே மாதம் 'வான்னாகிரை' வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டபோது, நம்ம ஒரகடத்து ரெனோ-நிசான் கார் ஆலையும் தப்பவில்லை. உற்பத்தி பாதிக்கப்பட்டது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத்தான் அது நுழைந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. அந்த ஓட்டையை அறிந்தும் பல காலம் வெளியே சொல்லாமல் தனக்கென வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் அதை அடைத்து அப்டேட் கொடுத்தது மார்ச் 14 அன்று. தாக்குதல் தொடங்கியது மே 12 அன்று. இடையில் இரண்டு மாதம் இருந்தும் பலர் அப்டேட் போடவில்லை.

ஆலைக்காவது ஐ.டி. துறை இருக்கிறது. நமக்கு யார் இருக்கிறார்கள்? நம் வீடுகளில் இருப்பது ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினி, அதில் கிராக் செய்த விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 போடப் புதிய கணினி வேண்டும். காசு உள்ளவனுக்குத்தான் பூட்டு என்கிறார்கள்.

"என்கிட்ட திருட என்னண்ணா இருக்கு?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். இருக்கிறது, தம்பி. வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவரின் போன் நம்பர் இருக்கிறது. ஊரை விட்டு வந்து ஒளிந்து வாழும் சாதி மறுப்பு இணையரின் முகவரி இருக்கிறது. சங்கம் வைக்க நினைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியல் இருக்கிறது. அது வெளியே போனால் அடி விழுவது உன் மேல் இல்லை, அவர்கள் மேல்.

எங்கள் இரவுப் பாடசாலையில் ஒருமுறை ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவைச் செருகினோம். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. அதில் பதினோரு பேர் கையெழுத்திட்ட புகார் மனு இருந்தது. அது வேறு யார் கைக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது.

திருடுவது மட்டுமல்ல, நாம் எழுதாததை நம் கணினியில் வைக்கவும் முடியும். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில், தெரிந்தவர் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சல் வழியாக 'நெட்வயர்' என்ற உளவு நிரல் புகுந்தது என்றும், அவரைச் சிக்கவைக்கும் கடிதங்கள் அதன் வழியே வைக்கப்பட்டன என்றும் 2021-இல் அமெரிக்காவின் ஆர்சனல் ஆய்வு நிறுவனம் அறிக்கை தந்தது. திருச்சி மண்ணில் பிறந்த ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் அப்படியே நடந்தது என்று 2022-இல் சொன்னது. தேசியப் புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையைப் பார்க்க 84 வயது ஸ்டேன் சுவாமி உயிரோடு இல்லை. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே இறந்துபோனார்.

எனவே தோழர்களே, அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய கணினியா? கிராக் விண்டோஸைத் தூக்கிவிட்டு உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸ் போடுங்கள். காசு கிடையாது, அப்டேட்டும் வரும். தெரிந்தவர் அனுப்பிய ஃபைலாக இருந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறங்கள். சாட்சிகளின் விவரங்களைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, தனியே ஒரு நகலும் வையுங்கள்.

அரசே நினைத்து வந்தால் இதெல்லாம் நிற்குமா? நிற்காமல் போகலாம். ஆனால் பெரும்பாலான திருடர்கள் பூட்டை உடைத்து வருவதில்லை, திறந்து கிடக்கும் கதவில்தான் நுழைகிறார்கள். நம்மை நம்பிப் பெயர் கொடுத்தவர்களுக்காக அந்தக் கதவையாவது சாத்துவோம்.

ஜெய்பீம்.