கிதார் பயில்வோர்க்கு ஒரு சொல்

நம் கலாசாலை மாணவர் சிலர் கிதார் வாத்தியம் பயிலுதல் கண்டு மகிழ்கின்றோம். ஆயினும், ஓரிடத்து விரல்வைப்பை மனனஞ் செய்து, அதனையே சுரவரிசையென்று எண்ணி அமைதல் வருந்தத்தக்கது. யாமும் அவ்வாறே நெடுநாட் பயின்று, பிறிதோரிடத்தில் தொடங்குமாறு நண்பர் ஒருவர் கேட்டபொழுது விரலசையாது நாணினோம்.

காரணம் வெளிப்படை. கிதாரின் ஆறு தந்திகளுள் அடுத்தடுத்தவற்றின் இடையே ஐந்து அரைச்சுரங்கள் உள; மூன்றாம் இரண்டாம் தந்திகளின் இடையே மட்டும் நான்கே. ஆதலின் அவ்விடத்தைக் கடக்குங்கால் விரல்வைப்பு மாறுகின்றது. சுரங்களின் இடைவெளியோ மாறுவதில்லை.

எனவே, முதற்கண் ஒரே தந்தியிற் பயிலுதல் நன்று. மேனாட்டார் மேஜர் என வழங்கும் சுரவரிசையை, திறந்த தந்தியில் தொடங்கி 2, 4, 5, 7, 9, 11, 12 ஆம் மெட்டுகளில், வாயாற் பாடிக்கொண்டே வாசித்தல் வேண்டும். இதுவே நம் சங்கராபரணம். அச்சுரங்களையே, 2 ஆம் மெட்டை ஷட்ஜமாகக் கொண்டு வாசிப்பின் அவர்தம் டோரியன், நம் கரகரப்பிரியா. 5 ஆம் மெட்டை ஷட்ஜமாகக் கொள்ளின் லிடியன், நம் கல்யாணி. இம்மாற்றத்தையே நம் சங்கீத நூலார் கிரகபேதம் என்பர்.

யாம் காலங்கடந்து உணர்ந்த இதனை மாணவர் தொடக்கத்திலேயே உணர்வாராக. செவி முன்செல்ல விரல் பின்செல்லுதலே முறையென்பது எம் துணிபு.