திராட்சை வரும்வரை அன்னாசி

‘ஒயினா? நீயா?’ என்று கண்ணை உருட்டும் பொம்மையோடு வாட்ஸ்அப்பில் கேட்டாள் அக்கா.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. உங்களைக் குடிக்கச் சொல்லி இதை எழுதவும் இல்லை. ஆனால், அன்னாசிப் பழத்தில் ஒயின் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு, ஒரு வாய் ருசி பார்க்காமல் ஊர் திரும்ப மனசு வரவில்லை.

இடம், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மவுயி. அங்கே ஹலேயாகலா என்று 10,023 அடி உயர எரிமலை. அதன் சரிவில், சுமார் 2,000 அடி உயரத்தில் உலுபலகுவா மாட்டுப் பண்ணை. கீழே கடற்கரையில் வியர்த்துக் கொட்டியது; மேலே வந்ததும் சால்வையைத் தேடினேன். ‘மவுயி ஒயின்’ இங்கேதான் தயாராகிறது.

ஹவாயை ஆண்ட கலாகவுவா மன்னர் வந்து தங்குவதற்காக 1874-ல் கட்டிய வீட்டில்தான் இன்று ஒயினை ருசிபார்க்கத் தருகிறார்கள். ஒரே மாமரத்திலிருந்து அறுத்த நீளமான மேடை. அதன்மேல் வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். காரை ஓட்ட வேண்டியவர் என்பதால் என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் மட்டும்!

முதலில் ‘மவுயி பிளாங்க்’. முழுக்க அன்னாசி. கல்யாணப் பந்தியின் அன்னாசி கேசரிபோல இனிக்கும் என்று நினைத்தேன். முகர்ந்தால் பழத்தின் மணம் தூக்குகிறது. வாயில் வைத்தால் எதிர்பார்த்த இனிப்பில் பாதிகூட இல்லை. மெல்லிய புளிப்புதான் நிற்கிறது. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதானே அது ஆல்கஹால் ஆகிறது! அடுத்து ‘ஹூலா ஓ மவுயி’. அதுவும் அன்னாசிதான். ஆனால், குமிழி பொங்கிப் பொங்கி மூக்குவரை ஏறியது.

ருசியைவிட எனக்குப் பிடித்துப்போனது இந்த ஒயின் பிறந்த கதை.

1974-ல் பண்ணையின் உரிமையாளர் பார்டீ எர்ட்மனும், கலிஃபோர்னியாவின் நாபாவிலிருந்து வந்த எமில் டெடெஷியும் சேர்ந்து இங்கே திராட்சை பயிரிட முடிவுசெய்தார்கள். திராட்சைக்கொடி நட்டவுடனே காய்த்துவிடாது. ஒயினுக்குத் தேறும் பழம் வர வருடங்கள் ஆகும். அதுவும் வெப்ப மண்டலத் தீவில் எந்த ரகம் பிழைக்கும் என்பதே கேள்வி. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? தீவில் அப்போது எங்கு திரும்பினாலும் அன்னாசித் தோட்டம். ‘இதை வைத்துக் கை பழகுவோம்’ என்று ஆரம்பித்தார்கள்.

திராட்சை ஒருநாள் காய்த்தது. அதிலும் ஒயின் வந்தது. ஆனால், அன்னாசியை அவர்கள் கைவிடவில்லை. ஒப்புக்குச் செய்ததைத் தேடித்தான் இன்று பலர் மலை ஏறி வருகிறார்கள். இரண்டையும் ஒரே மேடையில்தான் ஊற்றித் தருகிறார்கள்.

2009 கடைசியில் மவுயியின் பெரிய அன்னாசி நிறுவனம் தொழிலையே நிறுத்திவிட்டது. தீவில் அன்னாசி அத்தோடு முடிந்தது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால், அங்கே வேலை பார்த்த சிலர் அடுத்த வருடமே சிறிய அளவில் சாகுபடியைத் தொடர்ந்தார்கள். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால், என் கோப்பையில் உள்ளூர் அன்னாசி ஏது?

கோப்பையைக் கீழே வைத்தபோது அக்கா மகளின் நினைவு வந்தது. பொறியியல் முடித்தவள். கேம்பஸில் வேலை கிடைத்து, சேரும் தேதி மட்டும் ஒரு வருடமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. அதுவரை இருக்கட்டும் என்று மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். யாராவது விசாரித்தால் அக்காவிடம் ஒரே பதில்தான், ‘சும்மாதான் வீட்டுல இருக்கா’. அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

‘ருசி எப்படி?’ என்று மறுபடியும் அக்கா.

‘நல்லா இருக்குக்கா. திராட்சை வர்றவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம்னு அன்னாசியில போட்டாங்களாம். இப்ப அதுதான் இவங்களுக்குப் பேரே. இனிமே யாராவது கேட்டா, உன் பொண்ணு சும்மா இருக்கான்னு சொல்லாதே. டியூஷன் டீச்சர்னு சொல்லு.’

நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. கோபமோ என்று பயந்துவிட்டேன். நாங்கள் மலை இறங்கிக் கடற்கரைக்கு வந்த பிறகுதான் போன் சிணுங்கியது.

‘பதினாலு பிள்ளைங்க வர்றாங்கடி. போன வாரம் இன்னும் ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க.’

எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்!