தேர்ச்சி விழுக்காட்டில் வராத பிள்ளைகள்

மாண்புமிகு புதுச்சேரி கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

பொதுத்தேர்வு முடிவு வந்ததும் புதுச்சேரிக்கு இவ்வளவு, காரைக்காலுக்கு இவ்வளவு என்று தேர்ச்சி விழுக்காடு அறிவிக்கிறீர்கள். பள்ளி வாசலில் பேனர் ஏறுகிறது. அந்தக் கணக்கில் தேர்வெழுத வந்த பிள்ளைகள் மட்டும்தான் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து நடுவில் நின்றுவிட்டவன் அதில் தேறியவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. இன்னும் சொன்னால், அவன் நின்றதால் பள்ளியின் விழுக்காடு கூடுகிறது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். தேறமாட்டான் என்று தோன்றும் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கிட்டுப் போயிடுங்க" என்று பக்குவமாகச் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

அப்படி நிற்பவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி மீனவர் வீட்டுப் பையன்கள். நெடுங்காடு பக்கத்துக் காலனித் தெருப் பிள்ளைகள். வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் முஸ்லிம் இளைஞர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் பதினாலு வயதோடு கையை விட்டுவிடுகிறது. சிக்கல் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

கடலோரத்தில் பள்ளியை விட்டு நிற்பதற்கு ஒரு தேதியே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தடை முடிந்ததும் விசைப்படகுகள் கிளம்பும். ஐஸ் ஏற்றவும் வலை இழுக்கவும் ஆள் வேண்டும். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையும் அந்த நாட்களை ஒட்டித்தான். இரண்டு மாதம் வருமானமில்லாமல் கடன் வாங்கிச் சாப்பிட்ட வீட்டில், பதினாறு வயதுப் பையனுக்கு முதல் பங்குப் பணம் கைக்கு வந்துவிட்டால் அவன் திரும்பப் பையைத் தூக்குவானா? போகும் கடலும் பழைய கடல் இல்லை. 2025 ஜனவரியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டபோது காயம்பட்டது நம் பக்கத்து மீனவர்கள்தான்.

அதே கடலை நன்றாக அறிந்தவனுக்கு வேறு வழியும் உண்டு. கடலோரக் காவல்படையில் பத்தாம் வகுப்போடு போனால் சமையல், பரிமாறல் பார்க்கும் பிரிவு; பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் தேறியிருந்தால் பொதுப்பணிப் பிரிவில் நாவிக், அதாவது மாலுமி. தொடக்க அடிப்படைச் சம்பளமே 21,700 ரூபாய். செவிலியர் படிப்பானாலும் என்.ஐ.டி. ஆனாலும் வாசற்படி பிளஸ் டூதான். நிரவியில் ஓ.என்.ஜி.சி., வாஞ்சூரில் துறைமுகம், 2010 முதல் என்.ஐ.டி., 2016 முதல் ஜிப்மர் என்று இந்தச் சின்ன மாவட்டத்துக்கு வந்தவை கொஞ்சமல்ல. பிளஸ் டூ இல்லாத உள்ளூர்ப் பிள்ளைக்கு அங்கெல்லாம் கிடைப்பது காவலாளி வேலையும் கான்ட்ராக்ட் கூலியும்.

இதை இரக்கத்துக்காக எழுதவில்லை, கணக்குப் பார்த்து எழுதுகிறேன். கூடுதலாகப் படிக்கும் ஓராண்டு ஒருவரின் வருமானத்தைச் சராசரியாக 9 சதவீதம் உயர்த்துவதாக உலக நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹென்றி லெவினும் அவர் குழுவினரும் 2007-இல் பார்த்த கணக்கு: உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் கூடுதல் மாணவர் ஒருவரால், வரியிலும் மருத்துவம், குற்றம், உதவித்தொகைச் செலவுகள் குறைவதிலுமாகச் சேர்ந்து, அவர் வாழ்நாளில் அரசுக்கு 2,09,000 டாலர் மிஞ்சும். கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் அதிகமாக நின்றுபோகும் நாட்டில் போட்ட கணக்கு அது. டாலரை அப்படியே ரூபாயாக்க நான் சொல்லவில்லை. போட்ட பணம் பெருகித் திரும்பும் என்பது இங்கேயும் மாறாது.

நம் ஊருக்கு ஓர் உத்தேசம். நின்றுவிடக்கூடிய பிள்ளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு ஆண்டும், ஆண்டுக்குப் பத்து மாதம், மாதம் 2,000 ரூபாய் கொடுத்தால் மொத்தம் 40,000. ஐந்நூறு பேருக்கு இரண்டு கோடி. ஒரு நாவிக்கின் முதலாண்டு அடிப்படைச் சம்பளம் மட்டும் 2,60,400. எட்டாம் வகுப்பில் தேர்வெழுதி வெல்பவருக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது, நல்ல திட்டம். ஆனால் படகேறப் போகிறவன் பெரும்பாலும் அந்தத் தேர்வில் வெல்பவன் அல்லன்.

பணத்துக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் வேண்டும். எங்கள் சங்கடம் எல்லையில் இருக்கிறது. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடி. அத்தை வீட்டில் தங்கி அந்தப் பக்கம் படிக்கப் போனவளும் படிப்பையே விட்டவளும் நம் பதிவேட்டில் ஒன்றுதான்: டி.சி. பெற்றார். இத்தனைக்கும் யூடைஸ் பிளஸ் பள்ளித் தரவுத்தளத்தில் இப்போது ஒவ்வொரு மாணவர் விவரமும் தனித்தனியாக ஏறுகிறது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கல்வி அலுவலர்களோடு உட்கார்ந்து ஒத்துப்பார்த்தால், வேறு பள்ளியில் இருப்பவர் யார், எங்கேயும் இல்லாதவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஆகவே என் கோரிக்கை: அடுத்த முடிவு அறிவிப்பில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே, நான்காண்டுக்கு முன் ஒன்பதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்தார்கள் என்பதைப் பள்ளிவாரியாக வெளியிடுங்கள். மீனவர், அட்டவணைச் சாதியினர், முஸ்லிம், ஆண், பெண் என்று பிரித்தே வெளியிடுங்கள். விடுபட்ட பெயர்கள் ஜூன் 14-க்குள் அந்தந்த வகுப்பாசிரியர் கைக்கு வரட்டும். வீடு தேடிப் போக அவர்களுக்கு வழி தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
காரைக்கால்