லேசர் மட்டும் போதாது, நாற்காலியும் வேண்டும்



ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் பலருக்கு வெரிகோஸ் வெயின் இருக்கிறது. கெண்டைக்காலில் பச்சை நரம்பு முறுக்கிக்கொண்டு, கணுக்கால் கறுத்து, அரித்துப் புண்ணான பிறகும் தைலம்தான் தேய்க்கிறார்கள். ரத்தக்குழாய் வால்வு பழுதானால் தைலம் என்ன செய்யும்? டாப்ளர் ஸ்கேனில் ரத்தம் எங்கே கீழ்நோக்கித் திரும்புகிறது என்று பார்த்து, லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் அந்தக் குழாயை அடைத்துவிடலாம். சிறிய குழாய்களுக்கு நுரை ஊசி உண்டு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அழுத்தக் காலுறை வீக்கத்தைக் குறைக்கும், நோயை நீக்காது.

சிகிச்சையோடு, நிற்கும் நேரமும் குறைய வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர 2021-லேயே தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நாற்காலி இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று தொழிலாளர் துறை கடை கடையாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

- ஒரு வாசகி, மதுரை