எந்த மேசைக்கு எந்தக் கணினி?

அலுவலகக் கணினி ஹேங் ஆனால் திட்டு வாங்குவது அதை வாங்கிப் போட்டவர் அல்ல, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர். மாதத்தின் 20ஆம் தேதி சாயங்காலம், ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாளில், ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். கணக்குப் பார்க்கும் பெண் டேலியிலிருந்து எக்ஸெலுக்கும் எக்ஸெலிலிருந்து பிரவுசருக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருப்பார். திடீரென்று திரை வெளிறி, மேலே 'நாட் ரெஸ்பான்டிங்' என்று வந்து நிற்கும். "என்னம்மா, இன்னுமா முடியல?" என்று உள் அறையிலிருந்து குரல் வரும். "ஹேங் ஆயிடுச்சு சார்" என்பார் அவர், தானே தப்புச் செய்துவிட்டதைப் போல.

அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. விண்டோஸில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு மென்பொருளின் ஜன்னல் 5 விநாடிக்கு எந்தத் தட்டலுக்கும் அசையாவிட்டால், பதில் இல்லை என்று அதன் தலையில் எழுதிவிடும். மென்பொருள் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் அது எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்தினால், பாதி எழுதிய கணக்குக் கோப்பு கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. அது எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

பத்து வருடத்துக்கு முன் வாங்கிய அலுவலகக் கணினிகள் பலவற்றில் இருப்பது 4 ஜிபி ராமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும்தான். விண்டோஸ் 10 எழுந்து உட்காரவே ராமில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். ஆன்டிவைரஸ், பிரவுசரில் ஏழெட்டு டேப், ஒரு பெரிய எக்ஸெல் கோப்பு என்று சேர்ந்தால் மிச்சமும் தீர்ந்துவிடும். இடம் போதாதபோது விண்டோஸ் ராமில் இருப்பதில் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். சிக்கல் அங்கேதான். டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்குச் சற்று மேல். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருந்து, ஒரு துண்டை எடுக்க ஏறக்குறைய 12 மில்லி விநாடி ஆகும். அப்படியானால் விநாடிக்கு நூறு துண்டுகூடத் தேறாது. மென்பொருளோ ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் கிடையாது, நகரும் முனையும் கிடையாது. அதனால் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்துவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். கணினி இழுக்கும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, வேகம் மட்டும் விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று காட்டினால், டிஸ்க் திணறுகிறது. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. இரண்டும் சும்மா இருந்தும் அந்த ஒரு மென்பொருள் மட்டும் நிற்கிறது என்றால் கோளாறு அந்த மென்பொருளிலோ இணைய இணைப்பிலோ எதிர்முனை சர்வரிலோ இருக்கலாம். அப்போது கணினியில் எதை மாற்றினாலும் பணம் வீண்.

இந்தப் பார்வை இல்லாமல்தான் பல அலுவலகங்களில் வைத்தியம் நடக்கிறது. சர்வீஸுக்கு வருபவர் "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார். ஃபார்மட் செய்ததும் சில நாள் நன்றாக ஓடும். அப்டேட்டுகள் ஏறி, பழைய மென்பொருள்கள் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்ததும் பழைய கதைதான். அதே 4 ஜிபி, அதே தட்டு, வேறென்ன ஆகும்? அடுத்த தடவை "புது சிஸ்டம் போட்டுடுங்க" என்பார். இரண்டுக்கும் நடுவில் செலவு குறைந்த ஒரு வழி இருப்பதை யாரும் சொல்வதில்லை.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, ராமை 8 ஜிபி ஆக்குவது, அவ்வளவுதான் அந்த வழி. ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு. மதர்போர்டு டிடிஆர்3 ராம் கேட்கிறதா, டிடிஆர்4 கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. ஓடுவது 32-பிட் விண்டோஸா என்றும் பார்க்க வேண்டும். பழைய பிரின்டருக்காகவோ ஏதோ பழைய மென்பொருளுக்காகவோ இன்னும் அதையே வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. அதில் 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. 64-பிட்டைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். மற்றபடி பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தால் மென்பொருள்களை மறுபடி நிறுவும் தொல்லை இல்லை. குளோனுக்கு முன் பேக்கப் எடுக்காமல் ஸ்க்ரூவைத் தொட விடாதீர்கள். வேலை முடிந்ததும் பழைய டிஸ்க்கை அழிக்காமல் ஒரு மாதமாவது பீரோவில் வைத்திருங்கள்.

மேசைக்கு அடியில் இருக்கும் கேபினெட்டையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ப்ராசஸர் மேல் இருக்கும் ஃபேனில் தூசி கம்பளி போல அப்பியிருந்தால் சூடு வெளியேறாது. ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் அந்தத் தொல்லை தீரும். மவுஸ் அம்புகூட நகராமல் மொத்தமாக உறைகிறது, அல்லது டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் வேகத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அன்றைக்கே தரவை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும்; இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் சேர்க்கிறார்கள். எஸ்எஸ்டி போட்ட நான்காம் தலைமுறைக் கணினி சிட்டாகப் பறக்கலாம். ஆனால் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கும் திட்டத்தில் சேராமல் அதில் நெட் பேங்கிங் செய்வது சரியல்ல. கடிதம் தட்டச்சு செய்யவும் பிரவுசரில் வேலை பார்க்கவும் மட்டும் என்றால், சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற ஒன்றைப் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். பணப் பரிவர்த்தனை நடக்கும் மேசைக்குப் புதுக் கணினிதான் வேண்டும்.

அந்தப் புதுக் கணினி யாருக்குப் போகிறது என்பதில்தான் எனக்கு வருத்தம். எனக்குத் தெரிந்த பல அலுவலகங்களில் அது முதலாளி அறைக்குப் போகும். மெயில் பார்க்கவும் பில்லில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கண் ஓட்டவும். அவருடைய பழையது மேனேஜருக்கு, மேனேஜருடையது கணக்கருக்கு, எல்லாவற்றிலும் பழையது நாள் முழுக்க என்ட்ரி போடும் கடைசி மேசைக்கு. அதிகம் உழைக்கும் கைக்குக் கிடைப்பது ஓய்ந்துபோன இயந்திரம். மெதுவாக வேலை பார்க்கிறார் என்ற பெயரும் அவருக்கே. மேசை மேசையாக ஒரு நாள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எழுதி வையுங்கள். சுமை எங்கே என்று தெரிந்துவிடும். முதல் எஸ்எஸ்டியும் முதல் ராமும் அந்த மேசைக்கே போக வேண்டும். புதுக் கணினி வந்தால் அதுவும் அங்கேதான்.