எந்த அளவு டிராக்டர் வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

கிராமந்தோறும் டிராக்டர் கம்பெனிகளின் ஆட்கள் சுற்றுகிறார்கள். பந்தல் போட்டு, மாலை போட்டு, புது வண்டியை நிறுத்தி வைத்து ஜனங்களை அழைக்கிறார்கள். "கொஞ்சம் முன்பணம் கட்டினால் போதும், வண்டி உங்கள் வாசலுக்கு வந்துவிடும்" என்கிறார்கள். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஏழை விவசாயியிடமும் 45 குதிரைசக்தி வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். மில்லில் வேலை செய்யும் அண்ணனின் பி.எப். பணமும், வீட்டுப் பெண்களின் நகையும் முன்பணமாகப் போகின்றன. பிறகு தவணை வருகிறது. மழை வராவிட்டாலும் தவணை வருகிறது. விளைச்சலுக்கு விலை இல்லாவிட்டாலும் தவணை வருகிறது.

2016 மார்ச் மாதம் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்த காட்சியை நாடே பார்த்தது. அந்தக் காட்சியை நாம் மறக்கக்கூடாது. அதேசமயம், அப்படி ஒரு நிலைக்கு நம் வீடு போகாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

டிராக்டர் நமக்கு வேண்டும். அதில் சந்தேகமில்லை. மனிதனின் முதுகெலும்பு ஒடிவதைக் குறைக்கும் எந்த இயந்திரமும் உழைப்பாளி மக்களுக்கு நண்பன்தான். ஆனால் எந்த அளவு வண்டி? யார் பெயரில்? யார் கணக்கில்? இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

குதிரைசக்தி என்னும் மயக்கம்

மில் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். மோட்டாரின் தகட்டிலே 10 குதிரைசக்தி என்று எழுதியிருக்கும். அது அவ்வளவும் தறிக்கும் கதிருக்கும் போய்ச் சேருவதில்லை. பெல்ட்டிலும் பல்சக்கரத்திலும் ஒரு பகுதி கரைந்துவிடும். டிராக்டரும் அப்படித்தான். ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட். வண்டியின் முகப்பில் எழுதியிருப்பது இன்ஜின் சக்தி. ரோட்டவேட்டரைச் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டுக்கு வரும்போது அது குறைந்துவிடும். கலப்பையை இழுக்கும்போது இன்னும் குறையும். சேற்று வயலில் சக்கரம் வழுக்கும்போது பாதிக்குப் பாதி வீணாகிவிடும். ஆகவே விற்பவரிடம் இன்ஜின் சக்தியை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "பி.டி.ஓ.வில் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

வண்டியைப் பார்த்துவிட்டு வேலையைத் தேடுவது தலைகீழான வழி. முதலில் வேலை, அதற்குரிய கருவி, பிறகு அந்தக் கருவியை இழுக்கும் வண்டி என்பதே நேரான வழி.

வாழை, காய்கறி, மல்லிகை போன்ற பயிர்களில் களை எடுக்கவும் மண் கிளறவும் 8 முதல் 15 குதிரைசக்தி வரையுள்ள பவர் டில்லரோ மிகச் சிறிய டிராக்டரோ போதும். ஐந்து கொத்துக் கலப்பை, மூன்று நான்கு அடி ரோட்டவேட்டர், மருந்து தெளிப்பான், சின்ன டிரெய்லர் ஆகியவற்றுக்கு 20 முதல் 28 குதிரைசக்தி வண்டி பொருந்தும். ஒன்பது கொத்துக் கலப்பை, ஐந்து ஆறு அடி ரோட்டவேட்டர், கரும்போ நெல்லோ ஏற்றிய பெரிய டிரெய்லர் என்றால்தான் 40, 45, 50 என்று போக வேண்டும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். செம்மண்ணில் துள்ளி ஓடும் சின்ன வண்டி கரிசலில் ஆழ உழும்போது மூச்சுத் திணறும். நஞ்சையில் சேறு அடிக்க வேண்டுமானால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியும் கேஜ் வீலும் உதவும். பயிர் இடைவெளி இன்னொரு விஷயம். 25 அடிக்கு ஒன்றாக நட்ட தென்னந்தோப்பில் எந்த வண்டியும் புகுந்து வரலாம். ஆறடி இடைவெளி விட்ட வாழைக்குள் பெரிய வண்டி நுழைந்தால் கன்று மிஞ்சாது. மூன்று அடி, மூன்றரை அடி அகலமுள்ள சின்ன வண்டிதான் அங்கே ஆகும்.

எடையையும் மறக்கக்கூடாது. சின்ன வண்டி ஒரு டன்னை ஒட்டி இருக்கும். 45 குதிரைசக்தி வண்டி இரண்டு டன்னை ஒட்டி இருக்கும். ஈர மண்ணில் அந்தக் கனம் திரும்பத் திரும்ப ஓடினால் மேல்மண்ணுக்குக் கீழே கெட்டியான தட்டு ஒன்று உண்டாகிவிடும். வேர் இறங்காது, தண்ணீர் வடியாது. சிறிய வயலில் பெரிய வண்டி திரும்புவதற்கே பாதி நேரம் போகும், வரப்பும் உடையும்.

இந்தக் கணக்கைப் பாருங்கள்

2015-16ம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரரின் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்தியா முழுவதற்குமான சராசரி 1.08 ஹெக்டேர்.

சராசரிக்கு மேலேயே, மூன்று ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றடி ரோட்டவேட்டர் மாட்டிய சின்ன வண்டி ஓர் ஏக்கர் ஓட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுக்கும். வருஷத்துக்கு இரண்டு போகம், போகத்துக்கு இரண்டு சால் என்றால் ஓர் ஏக்கருக்கு 8 மணி. மூன்று ஏக்கருக்கு 24 மணி. வருஷம் முழுவதற்கும் மூன்று நாளுக்கு மேற்படாத வேலை! மிச்சமுள்ள நாட்களில் வண்டி கொட்டகையில் நிற்கும். ஆனால் ஒரு டிராக்டர் கட்டுப்படியாக வேண்டுமானால் வருஷத்தில் 1000 மணி நேரமாவது ஓட வேண்டும் என்பதே பொறியாளர்கள் வழக்கமாக வைக்கும் கணக்கு.

கணக்குக்காக வண்டி விலையை 6 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். ஒன்றரை லட்சம் முன்பணம், நாலரை லட்சம் கடன், வட்டி நூற்றுக்குப் பத்து. முதல் வருஷ வட்டி மட்டும் 45,000 ரூபாய். அதை 24 மணியால் வகுத்தால் மணிக்கு 1,875 ரூபாய்! அசல் தனி. டீசல் தனி. டயரும் ஆயிலும் தனி. உங்கள் ஊரில் வாடகை வண்டி மணிக்கு என்ன வாங்குகிறது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டி மட்டுமே வாடகையை விழுங்கிவிடவில்லையா?

"மீதி நாளில் வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிப்பேன்" என்று சொல்லலாம். ஒருவர் சொன்னால் நடக்கும். ஊரில் பத்துப் பேர் அதே நம்பிக்கையில் பத்து வண்டி வாங்கினால் என்ன ஆகும்? உழ வேண்டிய நிலம் கூடவில்லை, வண்டிதான் கூடிவிட்டது. ஒருவரோடொருவர் போட்டி போட்டு வாடகையைக் குறைத்துக்கொண்டு, தவணைக்காக இரவெல்லாம் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றி ஓட வேண்டியதுதான். லாபம் பைனான்ஸ்காரருக்குப் போகும். தூக்கமும் உயிரும் நமக்குப் போகும்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் விலை கொஞ்சம் இறங்கியதற்காக வேலையில்லாத வண்டியை வாங்குவது புத்திசாலித்தனமாகாது. வருஷத்துக்கு 24 மணி ஓடுகிற வண்டி எந்த விலைக்கும் கட்டுப்படியாகாது.

தனி ஆளுக்குச் சிறியது, கூட்டத்துக்கு?

இப்போது அதே வண்டியை இருபது குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர், மொத்தம் 50 ஏக்கர். ஏக்கருக்கு 8 மணி என்றால் வருஷத்துக்கு 400 மணி. அதே 45,000 ரூபாய் வட்டி மணிக்கு 112 ரூபாய் 50 காசாக இறங்கிவிடுகிறது. வண்டி மாறவில்லை. வட்டி மாறவில்லை. ஜனங்கள் ஒன்றுசேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. காவிரிப் பாசனப் பகுதித் தோழர்கள் உடனே கேட்பார்கள்: "மேட்டூரை ஜூன் 12ல் திறக்கிறார்கள். தண்ணீர் வந்ததும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் உழவு வேண்டுமே, யார் வயல் முதலில்?" சரியான கேள்வி. கூட்டாக வாங்கிய பல வண்டிகள் இந்தச் சண்டையில்தான் துருப்பிடித்துப் போகின்றன.

பதிலும் கணக்கிலேயே இருக்கிறது. 50 ஏக்கருக்கு ஒரு போகத்தில் 200 மணி வேலை. நாளைக்குப் பத்து மணி ஓட்டினால் 20 நாள். உங்கள் ஊரில் 20 நாள் அவகாசம் உண்டா? உண்டென்றால் ஒரு சின்ன வண்டி போதும். பத்து நாள்தான் உண்டென்றால் இரண்டு சின்ன வண்டி வேண்டும். அல்லது ஏக்கருக்கு ஒரு மணி நேரத்தில் முடிக்கிற 45 குதிரைசக்தி வண்டி ஒன்று வேண்டும். துண்டு துண்டான வயல்களில் இரண்டு சின்ன வண்டிதான் மேல். ஒன்று பழுதானால் இன்னொன்று ஓடும். ஆக, வண்டியின் அளவை நிர்ணயிப்பது உழவு நாட்களும் ஏக்கர் கணக்கும்தான். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியைப் பார்த்து வரும் ஆசைக்கு இதில் இடம் கிடையாது.

யார் வயல் முதலில் என்பதை வண்டி வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஏறும் வரிசையோ, குலுக்கல் சீட்டோ, ஒரு போகம் தலைமடையிலும் மறு போகம் கடைமடையிலும் தொடங்குவதோ, எதுவானாலும் சரி. எல்லார் முன்னிலையிலும் முடிவாகட்டும். பெரிய பண்ணைக்காரர் வீட்டுக் கொட்டகையில் கூட்டு வண்டியை நிறுத்தாதீர்கள். வண்டி நிற்கும் இடத்துக்காரர்தான் நாளடைவில் வண்டிக்குச் சொந்தக்காரராகிவிடுவார்.

சர்க்கார் திட்டங்களும் உண்டு. தமிழ்நாடு வேளாண் பொறியியல் துறை டிராக்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. 2017-18ல் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 100 சிறு, குறு விவசாயிகள் கொண்ட குழுவுக்கு இயந்திரங்கள் வாங்க 5 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. உங்கள் ஊரில் அப்படி வாங்கிய இயந்திரம் எங்கே நிற்கிறது? வாடகைப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிறிய வண்டி செய்த பொதுத்துறை

ஒரு பழைய விஷயத்தையும் நினைவில் வைப்போம். 1971ல் பொதுத்துறையான எச்.எம்.டி., செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு பிஞ்ஜோரில் 25 குதிரைசக்தி டிராக்டரைச் செய்யத் தொடங்கியது. துர்காப்பூரிலுள்ள மத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய சுவராஜ் டிராக்டரை, பஞ்சாப் அரசின் முயற்சியில் அமைந்த தொழிற்சாலை 1974ல் உற்பத்தி செய்தது. நம் விவசாயிக்கு ஏற்ற அளவு எது என்று அன்றே யோசித்தவர்கள் இருந்தார்கள். பிறகு நடந்தது என்ன? சுவராஜ் 2007ல் மஹிந்திராவின் கைக்குப் போயிற்று. பிஞ்ஜோர் டிராக்டர் பிரிவை மூட 2016ல் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. டிராக்டர் தொழிலாளியும் வேலை இழந்தார். விவசாயியும் தனியார் கம்பெனி சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டார்.

விவசாயத் தொழிலாளிக்கு என்ன?

நிலமே இல்லாத தோழர் கேட்கலாம்: "வண்டி வந்தால் என் வேலைதானே போகும்?" இந்தப் பயம் பொய்யல்ல. ஏர் ஓட்டியவரின் கூலி முதலில் போயிற்று, பிறகு களை எடுத்த பெண்களின் கூலியும் குறைந்தது. பண்ணைக்காரர் கையில் இயந்திரம் இருந்தால், கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் அதைக் காட்டியே மிரட்டுவார்.

ஆகவேதான் கூட்டு வண்டியில் விவசாயத் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்கிறோம். நிலமில்லாத குடும்பங்களையும் சங்கத்தில் உறுப்பினராக்குங்கள். டிரைவர் வேலையும் பழுது பார்க்கும் வேலையும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே கிடைக்கட்டும். பெண்களுக்கும் ஓட்டக் கற்றுக் கொடுங்கள். 20 குதிரைசக்தி வண்டியை ஓட்ட மீசை தேவையில்லை!

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பாரத்தை உரிய கொக்கியில் மாட்டாமல் உயரத்தில் மாட்டி இழுத்தால் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகக் கவிழும். குதித்துத் தப்ப நேரம் இராது. தலைக்கு மேல் இரும்பு வளைவுச் சட்டமும் இருக்கைப் பட்டியும் உள்ள வண்டியையே கேளுங்கள். அகலம் குறைந்த வண்டி வரப்பிலும் சரிவிலும் சீக்கிரம் சாயும் என்பதை நினைவில் வையுங்கள். சுற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். ஒரு துண்டு நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். மட்கார்டில் ஆள் ஏற்றாதீர்கள். நடவுக்குப் போகும் பெண்களை மூட்டை மாதிரி டிரெய்லரில் அடைத்துக் கொண்டுபோவதை எந்தப் பண்ணைக்காரர் செய்தாலும் சங்கம் தடுத்து நிறுத்த வேண்டும்.

முடிவாக, தோழர்களே, மூன்று நான்கு ஏக்கர்க்காரர் தனியாகக் கடனில் வண்டி வாங்க அவசரப்பட வேண்டாம். தோட்டத்துக்குச் சிறு கருவி, உழவுக்கு வாடகை வண்டி என்று சமாளியுங்கள். அதற்குள் இருபது குடும்பங்களைக் கூட்டுங்கள். ஏக்கரை எழுதுங்கள், உழவு நாட்களை எண்ணுங்கள், கருவியை முடிவு செய்யுங்கள். வண்டியின் அளவு தானாகத் தெரியும். பழுது பார்க்கும் இடமும் உதிரிப் பாகமும் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கடன் பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மில்லிலுள்ள அண்ணன்மார்களே, பி.எப். பணத்தைத் தம்பிக்கு அனுப்புமுன் இந்தக் கணக்கை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

சர்க்காரை நாம் கேட்க வேண்டியதும் உண்டு: ஒவ்வொரு ஊராட்சியிலும் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் உழவுக் காலத்துக்குப் போதுமான சிறிய டிராக்டர்கள், நியாயமான வாடகை, குத்தகை விவசாயிக்கும் சம உரிமை, டிரைவர்களுக்குச் சட்டப்படியான கூலி, விபத்துக்கு நஷ்டஈடு. இதைக் கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்!